சாலை பொது, வழி யாருடையது?

1

சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் தமக்கு வேண்டிய மென்பொருளைத் திறமூலமாக, பலரும் கூடி எழுதிக்கொள்ளலாமே என்று யாரேனும் பேச்செடுத்தால் போதும். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரே லோடுக்காக அடித்துக்கொள்கிறவர்கள் ஒரே நிரலைச் சேர்ந்து எழுதுவார்களாக்கும் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். சிரிப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் மென்பொருள் துறைக்காரர்கள். அவர்களுக்குத் திறமூலம் என்றால் இயங்குதளமும் சர்வரும்தான். லாரி அவர்கள் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் வகையினர் நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள். அவர்களுக்கு லாரி என்பது சிறுகதையின் கடைசிப் பத்தியில் வந்து நாயகன்மேல் மோதிவிட்டுப் போகும் வாகனம்.

இரு வகையினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான். சரக்கை யார் விரைவாகவும் மலிவாகவும் கொண்டுசேர்க்கிறார்கள் என்பதில் போட்டி இருக்கட்டும். ஆனால் சாலையைப் பற்றிய அறிவு, சரக்குச் சீட்டின் வடிவம், ஒரு வண்டிக்காரர் உழைத்துச் சம்பாதித்த நற்பெயர் ஆகிய மூன்றும் எந்த நிறுவனத்தின் பெட்டகத்திலும் பூட்டப்படக் கூடாது. அவற்றைக் கையாளும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும். அந்தப் பொதுவை ஆள்வதில் பெரிய நிறுவனங்களுக்கு உள்ள இடம் இரண்டு லாரி வைத்திருப்பவருக்கும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாமல் மற்றவை மட்டும் கிடைத்தால் அது இன்னொரு ஏமாற்றாகவே முடியும்.

இதைப் பேசுவதற்கு விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து தெற்கே வரும் ஜி.எஸ்.டி. சாலை (அந்தப் பெயரில் வரி வருவதற்குப் பல தலைமுறை முன்பே சாலை வந்துவிட்டது) திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்கு; ஒன்று செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு; ஒன்று விழுப்புரத்துக்கு. மரக்காணம் உப்பளங்களுக்கும் வந்தவாசிக்கும் தனித்தனிச் சாலைகள். இடையில் விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்ச் சாலை பிரிகிறது. விழுப்புரத்தில் திருச்சி, வேலூர், புதுச்சேரிச் சாலைகள் கூடுகின்றன. ரயில் பாதையும் அங்கே ஐந்து திசைக்குப் பிரிகிறது. சென்னைக்கும் தெற்குக்கும் இடையே சாலை வழியே போகும் சரக்கின் பெரும்பகுதி, சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கழுத்துக்குள் நுழைந்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சரக்கைப் பற்றிய தீர்மானங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் குருகிராமிலும் எடுக்கப்படுகின்றன. சாலை நம் வாசலில் கிடக்கிறது. அதன் வழியைக் கணக்கிடும் நிரல் எங்கோ இருக்கிறது. வழக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

2

போட்டியாளர்கள் கூடி வேலை செய்ய மாட்டார்கள் என்று அடித்துச் சொல்பவர்கள் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் பத்து நிமிடம் நின்று, கடந்து போகும் ஒரு கண்டெய்னரின் மூலையைப் பார்க்கட்டும். எட்டு மூலைகளிலும் துளையிட்ட இரும்பு வார்ப்பு இருக்கும். எந்தக் கம்பெனியின் பெட்டியானாலும் அந்தத் துளையின் அளவும் இடமும் ஒன்றே. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதன் பிறகு சில ஆண்டுகள் பெருங்குழப்பம். அவருடைய கம்பெனியின் பெட்டி 35 அடி. மேட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி. ஒருவர் பெட்டியை மற்றவர் கிரேன் தூக்காது. மூலை வார்ப்பின் காப்புரிமை மெக்லீனின் சீ-லேண்ட் நிறுவனத்திடம் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் அவ்வுரிமையைக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தது. அதன் பிறகே உலகம் முழுவதற்குமான ஒரே அளவுகளை ஐ.எஸ்.ஓ. அமைப்பு வகுக்க முடிந்தது.

இது கொடையுள்ளம் என்று நான் சொல்லவில்லை. எல்லாத் துறைமுகங்களும் பெட்டியைத் தூக்கினால்தான் தன் பெட்டிக்கு மதிப்பு என்ற வியாபாரக் கணக்குத்தான். ஆனால் கணக்குத் தெரிந்தவர்தான் மூலையை விட்டுக்கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். இன்று சரக்குத் துறையில் போட்டியிடும் அத்தனை பேரும் அந்த விட்டுக்கொடுத்தலின்மேல் நின்றுகொண்டு, எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறார்கள்.

அமெரிக்கக் கதை எதற்கு என்பவர்களுக்குத் திண்டிவனத்திலேயே ஒன்று இருக்கிறது. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை வந்தது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கமே. குடியாத்தம் பக்கத்தில் விளைந்த கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. அதாவது, உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த விதையை ஒரு பொது நிலையம் எடுத்துச் செம்மைப்படுத்தி, மறுபடி உழவர்களிடமே விட்டது. அது ஆந்திரத்தின் அனந்தபுரம் வரை போய்ப் பல பத்தாண்டுகள் வேரூன்றி நின்றது. யாரும் திண்டிவனத்துக்கு உரிமத்தொகை அனுப்பவில்லை. வாங்கியவர் விதைத்தார், விதைத்தவர் பக்கத்து வயலுக்குக் கொடுத்தார், அங்கிருந்து வேறு ரகங்களுக்குத் தாயாகவும் அமைந்தது. திறமூலம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்காத காலத்தில் அதன் இலக்கணம் முழுவதையும் ஒரு கடலைச் செடி நடத்திக் காட்டியிருக்கிறது. அந்தக் கடலையை ஏற்றிய லாரிகளின் தொழிலுக்கு மட்டும் இந்த இலக்கணம் பொருந்தாது என்பது என்ன நியாயம்?

3

இன்றைய நிலையைப் பார்ப்போம். நம் ஊர்களில் லாரி புக்கிங் ஆபீஸ் என்பது ஒரு மேஜை, இரண்டு போன், நீள நோட்டு, சுவரில் சாமி படம் போட்ட காலண்டர். நெல்லோ மணிலாவோ சிமெண்டோ, யாரிடம் லோடு இருக்கிறது, யார் வண்டி சும்மா நிற்கிறது, எந்த ஊரில் ரிட்டர்ன் லோடு கிடைக்கும் என்பதெல்லாம் அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர் தலைக்குள் இருக்கும். நம் நாட்டு லாரி உரிமையாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஐந்து வண்டிகளுக்கு உட்பட்டே வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு அந்த மேஜைதான் சந்தை.

புக்கிங் ஆபீஸைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. கமிஷன் பிடித்தம் உண்டு. வேண்டியவருக்கு நல்ல லோடும் வேண்டாதவருக்கு நான்கு நாள் காத்திருப்பும் உண்டு. சாதி பார்த்து லோடு கொடுப்பதும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருந்தது. ஒரு மேஜை பிடிக்காவிட்டால் சாலையைக் கடந்து எதிர் மேஜைக்குப் போகலாம். பத்து வருடம் சரக்கு சேதமில்லாமல் ஓட்டியவர் என்ற பெயர் எதிர் மேஜைக்கும் தெரிந்திருக்கும். பெயர் வண்டிக்காரரோடு நடந்து வந்தது.

கைப்பேசிச் செயலி வந்ததும் மேஜை போய்விட்டது. இடைத்தரகர் ஒழிந்தார் என்று விளம்பரம் செய்தார்கள். ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டார். லோடு ஏன் எனக்கு வரவில்லை, பக்கத்து வண்டிக்கு ஏன் வந்தது என்பதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. செயலியில் மூன்று வருடம் ஓட்டிச் சேர்த்த மதிப்பெண்ணை இன்னொரு செயலிக்கு எடுத்துப் போக வழியில்லை. செயலி இலவசம்தானே என்பார்கள். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லிக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் தொண்டை வறண்டு போனார்கள். இலவசமாகக் கொடுக்கப்படுவதை நாளைக்கு நிறுத்தலாம், விலை வைக்கலாம், விற்றுவிடலாம். கட்டற்றதை அப்படிச் செய்ய முடியாது.

விற்றுவிடலாம் என்பது வெறும் பயமுறுத்தல் அன்று. 2014இல் தொடங்கிய ரிவிகோ, ஓட்டுநர்களை அஞ்சல் முறையில் மாற்றி மாற்றி வண்டியை நிறுத்தாமல் ஓட்டும் ஏற்பாட்டால் பெயர் பெற்றது. ஓட்டுநர் வீட்டுக்குத் திரும்பிப் படுக்கலாம் என்பது உண்மையிலேயே நல்ல யோசனை. 2022இல் அதன் விரைவுச் சரக்கு வணிகத்தை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. எந்த இடத்தில் ஓட்டுநரை மாற்றுவது, எத்தனை மணிக்கு மாற்றுவது என்று அத்தனை ஆண்டு கற்ற அறிவு தனிச்சொத்தாகவே பிறந்தது, தனிச்சொத்தாகவே கைமாறியது. அது பொதுவில் இருந்திருந்தால், நான்கு லாரிக்காரர்கள் சேர்ந்து உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு மாற்றுமனை வைத்து அதே முறையை முயன்று பார்த்திருக்கலாம்.

பெரிய இடத்துக் கதை இன்னும் பாடமானது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் 'டிரேட்லென்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கின. உலகக் கப்பல் சரக்கின் ஆவணங்கள் அனைத்தும் ஒரே தளத்தில் என்பது கனவு. போட்டிக் கம்பெனிகளில் சில சேர்ந்தன. ஆனால் போட்டியாளர் ஒருவரின் சொத்தான தளத்தில் தங்கள் ஆவணங்களை வைப்பதா என்ற தயக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2022 நவம்பரில் மூடுவிழா அறிவிப்பு. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தளம் இல்லை. தொழில்துறை முழுவதும் ஒத்துழைக்கும் நிலை உருவாகவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் ஊர்ப்பஞ்சாயத்து கூடாது என்பது நம் கிராமத்தில் யாரும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம். ஆலமரத்தடி எதற்கு இருக்கிறது?

4

ஆலமரத்தடியை அமைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2021இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் 'ஓப்பன் லாஜிஸ்டிக்ஸ் ஃபவுண்டேஷன்' தொடங்கப்பட்டது. தொடங்கியவை டாக்சர், டி.பி. ஷெங்கர், ரீனஸ், டூயிஸ்பர்க் துறைமுக நிறுவனம். முதல் மூன்றும் ஒன்றோடொன்று நேரடியாகப் போட்டியிடும் சரக்கு நிறுவனங்கள். எடுத்துக்கொண்ட முதல் வேலைகளில் ஒன்று, ஐரோப்பியச் சாலைச் சரக்குச் சீட்டின் மின்வடிவம். அந்தச் சீட்டுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் 1956இல் ஏற்பட்டது. காகிதத்தில் எப்போதோ எல்லோருக்கும் ஒன்றாகிவிட்ட சீட்டுக்கு மின்வடிவில் ஆளுக்கொரு நிரல் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. எழுதிய நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்பனைப் பொருளிலும் சேர்க்கலாம் என்பது உரிமம்.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள். 2025இல் டி.பி. ஷெங்கரை டென்மார்க்கின் டி.எஸ்.வி. நிறுவனம் வாங்கிவிட்டது. கம்பெனி கைமாறியது, அறக்கட்டளையிடம் உள்ள நிரல் கைமாறவில்லை. ரிவிகோவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வரியில் இருக்கிறது.

வரைபடத்திலும் இதுவே நடக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் வரையும் உலக வரைபடம். பொருள் கொண்டுசேர்க்கும் அமேசான் பிரிவு சம்பளத்துக்கு ஆள் வைத்து அதில் சாலைகளைத் திருத்துகிறது. இந்தியச் சாலைகளும் அதில் உண்டு. தென்கிழக்காசியாவில் கிராப் நிறுவனம் செய்கிறது. தாங்கள் திருத்திய சாலையில் போட்டியாளரின் வண்டியும் போகும் என்று தெரிந்தே செய்கிறார்கள். காரணம் எளியது: சாலையை வரைவது அவர்கள் தொழில் இல்லை, அதன்மேல் ஓடுவதுதான் தொழில்.

நம் நாட்டில் நடக்காது என்பவர்களுக்குப் பெங்களூரு ஆட்டோவைக் காட்டுகிறேன். 2022இல் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு வந்த 'நம்ம யாத்ரி' செயலியின் மூலநிரல் பொதுவெளியில் இருக்கிறது. சவாரிக்குச் சவாரி கமிஷன் எடுக்காமல் ஓட்டுநரிடம் நாளுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கும் முறையை அது கொண்டுவந்தது. அதில் குறைகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடக்காது என்று சொல்லப்பட்டது நடந்தது. ஆட்டோவுக்கு நடப்பது லாரிக்கு நடக்காமல் போக, சக்கரத்தின் எண்ணிக்கையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

5

இதெல்லாம் தொழில்காரர்களின் லாப நஷ்டம், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பரை நினைவூட்ட வேண்டும். நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் வெள்ளம் தேசிய நெடுஞ்சாலையை மூடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களும் நின்றன. நான் முன்பு சொன்ன அந்தக் கழுத்து இறுகிவிட்டது.

அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் நின்ற லாரிகளில் எத்தனையோ வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி இருந்திருக்கும். அரசூருக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக அசையாமல் நிற்கின்றன என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் திரையிலும் தெரிந்திருக்கும், தன் வண்டிகளைப் பொறுத்தவரை மட்டும். பத்து நிறுவனங்களின் அந்தப் பத்துத் திரைகளை, வண்டி யாருடையது, சரக்கு என்ன என்ற விவரங்களை நீக்கிவிட்டு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் போதும். சாலை எங்கே அறுந்திருக்கிறது என்ற படம் தானே கிடைக்கும். திண்டிவனத்துப் பிரிவிலேயே ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டலாம், அல்லது செஞ்சி பக்கம் திரும்ப முடியுமா என்று பார்க்கலாம். பால் வண்டி, மருந்து வண்டி, நிவாரண அரிசி வண்டி எல்லாவற்றுக்கும் அது உதவும். இதில் எந்த நிறுவனத்தின் தொழில் ரகசியம் போகிறது? வெள்ளம் யாருடைய ரகசியம்?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின்மேல் மக்களே நீர் தேங்கிய தெருக்களைக் குறித்துக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான தெருக்கள் பதிவாயின. 2018 கேரள வெள்ளத்தில் மீட்பு உதவிகளை ஒருங்கிணைத்த தளத்தின் நிரலைத் தன்னார்வலர்கள் பொதுவெளியில் கூடி எழுதினார்கள். மாநில அரசும் அதோடு சேர்ந்து நின்றது. சம்பளமில்லாதவர்கள் வெள்ளத்துக்கு நடுவே செய்ததை, சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் வெயில் காலத்தில் செய்து வைக்கக் கூடாதா?

6

மறுப்புகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

'ஓட்டுநருக்கும் சிறு உரிமையாளருக்கும் நிரல் படிக்கத் தெரியுமா?' தெரியாது. அவர்களில் பலருக்கு என்ஜினின் வரைபடத்தையும் படிக்கத் தெரியாது. ஆனால் பானெட்டைத் திறக்கலாம் என்பதால்தான் விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக் பிழைக்கிறார், வண்டியும் ஓடுகிறது. பானெட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவி குருகிராமில் இருக்கிறது என்று சொல்லும் லாரியை எவரும் வாங்க மாட்டார்கள். செயலியை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்கிறோம்.

'நிரல் எழுத ஆள் எங்கே?' விழுப்புரத்திலேயே இருக்கிறார்கள். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கும் மேலாக அம்மாவட்டத்தின் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுக்கொடுத்து வருகிறது. கற்றவர்கள் என்ன ஆகிறார்கள்? சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். அந்த பஸ் கடந்து போகும் லாரிகளின் சிக்கலைத் தீர்க்கும் வேலை அவர்களுக்குச் சொந்த ஊரில் கிடைப்பதில்லை. ஆளும் சிக்கலும் ஒரே ஊரில் இருக்க, இரண்டையும் இணைக்கும் பணமும் மனமும் மட்டும் வெளியூரில் இருக்கின்றன.

'அரசு ஏற்கெனவே செய்துவிட்டதே?' இந்த மறுப்பு கொஞ்சம் கனமானது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வந்தது. நாடு முழுவதும் ஒரே வடிவம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானது. எந்த வங்கி கொடுத்த வில்லையானாலும் விக்கிரவாண்டியில் தடுப்பு திறக்கிறது. 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு 'யுலிப்' என்ற ஒருங்கிணைந்த இடைமுகத் தளமும் வந்தது. பல அரசுத் துறைகளின் தரவுகளை நிறுவனங்கள் அதன் வழியே பெறலாம். இவை நல்லவை. இவற்றால் நிரூபணமாவது என் கட்சியே: வரி வசூலிக்கவும் சுங்கம் வசூலிக்கவும் போட்டி வங்கிகளும் போட்டி நிறுவனங்களும் ஒரே வடிவத்துக்கு வந்தன; வானம் இடிந்து விழவில்லை. வசூலுக்கு முடிந்தது வண்டிக்காரர் நலனுக்கு முடியாதா? 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் சரக்கு ரசீது கட்டாயம் என்கிறது. அந்த எல்.ஆர். சீட்டுக்கு ஒரு பொது மின்வடிவமும் அதைக் கையாளும் திறமூல நிரலும் இருந்தால், ஓட்டுநர் கையில் உள்ள சீட்டு எந்த மில்லிலும் எந்தக் குடோனிலும் ஒரே மாதிரி செல்லும். வாடகை பாக்கிக்கு அதுவே சாட்சியாகும். ஆனால் யுலிப் ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே தரவு நிறுவனங்களுக்குப் போகிறது. நிறுவனங்களிடமிருந்து பொதுவுக்குத் திரும்பி வருவது என்ன? இடைமுகம் திறந்திருப்பதும் மூலநிரல் திறந்திருப்பதும் ஒன்றாகா. கடையின் ஷட்டர் திறந்திருப்பதால் கடை நம்முடையதாகிவிடுவதில்லை.

7

திறமூலக் கூட்டுழைப்பைப் புகழும் நண்பர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்கள் உடனே குடிமராமத்தை உவமை சொல்லிவிடுவார்கள். ஏரி எல்லோருக்கும் பொது, நீர் பாய்ச்சுகிற ஒவ்வொருவரும் கரைக்கு மண் சுமக்க ஆள் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் தண்டம். 1858இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் இதைச் சட்டமாகவே இயற்றினார்கள். ஏரிகள் நிறைந்த விழுப்புரம் மாவட்டத்தில் இந்த உவமை அழகாகவே பொருந்தும். ஆனால் முழுமையாகப் பார்க்க வேண்டும். கரைக்கு மண் சுமந்தவர்கள் யார், மடைக்குப் பக்கத்து நிலத்தில் நீர் பாய்ச்சியவர்கள் யார் என்று கேட்டால் சாதியும் நிலவுடைமையும் வெளியே வரும். சுமந்தவருக்குப் பல ஊர்களில் பாய்ச்ச நிலமே இல்லை.

திறமூலத்திலும் அதே ஆபத்து இருக்கிறது. தன்னார்வலர் இரவு விழித்து வரைபடத்தில் தெருவை வரைகிறார். நிறுவனம் பகலில் அதன்மேல் லாபம் பார்க்கிறது. 2022 டிசம்பரில் அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகியவை சேர்ந்து 'ஓவர்ச்சர்' என்ற வரைபட அமைப்பைத் தொடங்கின. தரவு திறந்ததுதான், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. தலைமைக் குழுவில் அமர்ந்திருப்பவை அந்தப் பெரிய நிறுவனங்கள். டார்ட்மண்ட் அறக்கட்டளையும் நிறுவனங்களின் சங்கமே. ஓட்டுநர் சங்கத்துக்கு அங்கே நாற்காலி இருப்பதாகத் தெரியவில்லை. கம்பெனிகள் கூடிச் செய்கின்றன என்பதாலேயே ஒன்று பொதுவாகிவிடாது. நான்கு நிலக்கிழார்கள் சேர்ந்து வெட்டிய ஏரியும் ஏரிதான். மடை திறக்கும் நேரத்தை அவர்கள்தான் சொல்வார்கள்.

ஆகவே உரிமத்தைப் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் கைக்கொண்டிருக்கும் உரிமம், தரவை எடுத்து மேம்படுத்தி வெளியிடுபவர் அந்த மேம்பாட்டையும் அதே விதிப்படி திறந்துவைக்க வேண்டும் என்கிறது. நமக்குப் புரியும்படி சொன்னால், மொய் நோட்டு. எழுதிக்கொண்டவர் திருப்பிச் செய்ய வேண்டும். சரக்குத் துறையின் பொது நிரலுக்கும் அப்படிப்பட்ட உரிமமே வேண்டும். எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்ற தாராளம் பணக்காரர்களுக்கு மட்டுமே தாராளம்.

கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். திண்டிவனத்துச் சிப்காட்டிலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும் சரக்கு ஏற்றும் நிறுவனங்கள், தங்கள் வாசலுக்கு லாரி வரும் வழி, பாலத்தின் உயரம், எடை வரம்பு, இறக்கும் நேரம் ஆகியவற்றைப் பொது வரைபடத்தில் பதியட்டும். சாலை அடைபட்ட செய்தியை அடையாளம் நீக்கிப் பகிரும் ஒரு பொதுத் தளத்தை நிறுவனங்கள் கூடிச் செலவிட்டு உருவாக்கட்டும். எழுதும் வேலையை விழுப்புரத்துப் பிள்ளைகளுக்குக் கூலியோடு கொடுக்கட்டும். எல்.ஆர். சீட்டுக்கும் ஓட்டுநரின் பணி வரலாற்றுக்கும் பொது வடிவம் வரட்டும். அந்த வரலாறு ஓட்டுநர் எங்கு போனாலும் கூடவே போகட்டும். இவற்றை நிர்வகிக்கும் குழுவில் லாரி உரிமையாளர் சங்கமும் ஓட்டுநர் சங்கமும் சுமைப்பணித் தொழிலாளரும் வாக்குரிமையோடு உட்காரட்டும். அரசு தன் பணத்தில் எழுதும் நிரலை எல்லாம் மக்கள் முன் திறந்து வைக்கட்டும்.

இலக்கியப் பத்திரிகை வாசகரிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், கூடிச் செய்வது என்றால் என்ன என்று மற்ற எவரையும்விட நமக்கு நன்றாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தறியாத தமிழர்கள் உலகெங்குமிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். நம்மில் பலர் சங்கப் பாடலை முதலில் திரையில் படித்தது அங்கேதான். ஏட்டுச்சுவடியைப் பரணில் பூட்டி வைத்துச் செல்லுக்குக் கொடுத்த குடும்பங்களை இன்றும் திட்டுகிறோம். சாலையைப் பற்றி ஓட்டுநர்கள் உடம்பால் கற்ற அறிவு இன்று வேறொரு பரணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே செல் அரிக்காது; நிறுவனம் மூடப்படும் நாளில் ஒரே சொடுக்கில் அழிந்துவிடும்.

அதைப் பற்றிக் கவலைப்படாதவர், சுவடி அழிந்ததற்கு வருந்துவதாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன். என் கட்சி தவறென்று நினைப்பவர்கள் வாதத்தோடு வரட்டும். வெறும் சிரிப்போடு மட்டும் வர வேண்டாம்.